லாபம் உச்சத்துல இருக்கா? அப்போதான் உஷாரா இருக்கணும்!

"அசோக் லேலண்ட் நம்ம ஊர் கம்பெனி, லாபமும் நல்லா இருக்கு, ஷேர் வாங்கலாமா சார்?"னு நிறைய பேர் கேக்குறீங்க. முதல்ல அதோட கதையைத் தெரிஞ்சுக்கோங்க.

1948-ல் ரகுநந்தன் சரண், தன் மகன் பெயரில் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். சென்னை எண்ணூரில் முதலில் தயாரானது லாரி இல்லைங்க, ஆஸ்டின் கார்! பிறகு பிரிட்டனின் லேலண்ட் கைகோத்தது. 1955-ல் 'அசோக் லேலண்ட்' ஆனது. 1987-ல் இந்துஜா குழுமம் உள்ளே வந்தது.

இப்போ கணக்குக்கு வருவோம். ஸ்டான்ட்அலோன் கணக்குப்படி, சுமாராக:

2018-19: 1,983 கோடி ரூபாய் லாபம்
2019-20: 240 கோடி லாபம்
2020-21: 314 கோடி நஷ்டம்
2023-24: 2,618 கோடி லாபம்

ஏன் இந்த ஏற்ற இறக்கம்? 2018-ல் லாரிகளின் எடை வரம்பை அரசு கூட்டியது. பழைய லாரியே கூடுதல் சரக்கு ஏத்தும்போது புதுசு எதுக்கு? அடுத்து பொருளாதார மந்தம், கொரோனா. லாரியை யாரும் ஆசைக்கு வாங்குறதில்லை. லோடு கிடைச்சு, இஎம்ஐ கட்ட முடியும்னாதான் வாங்குவாங்க.

இங்கதான் பலர் மாட்டுறாங்க. லாபம் உச்சத்தில் இருக்கும்போது பி.இ. விகிதம் குறைஞ்சு, ஷேர் மலிவா தெரியும். அடுத்த வருஷமே லாபம் சரிஞ்சா, அந்தக் கணக்கே தப்பாயிடும்.

அதனால ஒரு வருஷ லாபத்தை நம்பாதீங்க. ஏழெட்டு வருஷ சராசரியைப் பாருங்க. உங்க சம்பளம் மாசாமாசம் வரும். லாரி கம்பெனி லாபம் அப்படி வராது!