டெபியன் இறங்கி வந்த கதை

புது லேப்டாப்பில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 11-ஆம் பதிப்பைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தத் திரை மறந்திருக்காது. வைஃபை சில்லுக்கு ‘ஐடபிள்யூஎல்வைஃபை’ என்று தொடங்கும் ஒரு கோப்பு வேண்டும், பென்டிரைவிலோ பிளாப்பியிலோ கொண்டுவா என்று கேட்கும். 2021-ல் பிளாப்பிக்கு எங்கே போவது? கோப்பை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர அந்தக் கோப்பு வேண்டும்.

டெபியன்காரர்கள் தெரிந்தேதான் இப்படி வைத்திருந்தார்கள். வைஃபை, கிராபிக்ஸ் போன்ற சில்லுகளுக்குள் ஓடும் நிரல்தான் ஃபர்ம்வேர். பெரும்பாலான நிறுவனங்கள் அதன் மூலநிரலைக் கண்ணில் காட்டுவதில்லை. முழுக்கக் கட்டற்ற மென்பொருளாகவே இருப்போம் என்று 1997-ல் சமூக ஒப்பந்தம் எழுதியவர்கள், 2011-ல் வந்த டெபியன் 6-ல் இயங்குதளத்தின் மையமான கெர்னலிலிருந்தே மூடிய ஃபர்ம்வேரைக் களைந்தார்கள். கூடவே, ஃபர்ம்வேர் சேர்த்த ஒரு பதிப்பை ‘அதிகாரபூர்வமற்றது’ என்ற பெயரில் ஒரு மூலையிலும் வைத்தார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

இந்த நிலைப்பாட்டை அசைத்த வாதங்களில் ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. இப்போதைய லேப்டாப்கள் பலவற்றில் சவுண்டுக்கே ஃபர்ம்வேர் தேவை. திரையில் இருப்பதைக் குரலில் கேட்டு நிறுவும் பார்வையற்றவருக்கு, ‘ஃபர்ம்வேர் இல்லை’ என்ற செய்தியே காதில் விழாது. 2022-ல் டெபியன் உருவாக்குநர் ஸ்டீவ் மெக்கின்டயர் கிளப்பிய விவாதம் வாக்கெடுப்பில் முடிந்தது. ஒப்பந்தத்தைத் திருத்த, எதிர்ப்பைப் போல மூன்று மடங்கு ஆதரவு வேண்டும், கிடைத்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12, ஃபர்ம்வேரோடே வந்தது. வேண்டாதவர்கள் அதைத் தவிர்க்கவும் வழி உண்டு.

ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் பரிந்துரைப் பட்டியலில் டெபியன் இல்லை. மூடிய நிரல்களை நீக்கிய லினக்ஸ்-லிப்ரே கெர்னலில் ஓடும் டிரிஸ்குவல் என்ற இயங்குதளம் உண்டு. அறக்கட்டளையின் பிடிவாதத்தை மதிக்கிறேன். ஆனால் அதே மூடிய நிரலை, யாரும் மாற்ற முடியாதபடி சில்லுக்குள்ளேயே பதித்து விற்றால் அதை வன்பொருளின் பகுதியாகக் கருதிவிடலாம் என்கிறார்களே, அதுதான் எனக்கு ஒட்டவில்லை. வட்டில் கிடக்கும் கோப்பையாவது பார்க்கலாம், என்றாவது மாற்றலாம்.

அப்படி மாறியதும் உண்டு. ஏஆர்9271 என்ற யூஎஸ்பி வைஃபை சில்லின் ஃபர்ம்வேர் மூலநிரலை 2013-ல் குவால்காம் ஏதெரோஸ் வெளியிட்டது. அந்தச் சில்லு உள்ள டாங்கிளைச் செருகினால் இன்றும் டிரிஸ்குவலில் வைஃபை வேலை செய்யும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். வேகம் காகிதத்தில் நொடிக்கு 150 மெகாபிட்.