மண்ணுக்குள் ஓர் ஊர் – 7: மெதேன் தின்னும் பற்றீரியா

சென்ற வாரம் உழுந்து வேரின் முடிச்சுகளில் நைதரசனைச் சேர்த்துவைக்கும் பற்றீரியாக்களைப் பார்த்தோம். கமக்காரர்கள் அவற்றை அறிவார்கள். இந்த வாரம் பார்க்கப்போகிறவை, நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் இடத்தில் வேலை செய்பவை.

வவுனியாவின் குப்பை பம்பைமடுவில் கொட்டப்படுகிறது. அயலிலுள்ள சாளம்பைக்குளம் மக்கள் அந்த மேட்டை எதிர்த்து வீதிக்கு இறங்கியவர்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. நாற்றமும் இலையானும் எல்லாருக்கும் தெரிகின்றன. ஆனால் நிறமும் மணமும் இல்லாத மெதேனும் அத்தகைய மேடுகளிலிருந்து ஓயாமல் கிளம்புகிறது.

சந்தையில் கழித்த மரக்கறி, மீன் செதில், சாப்பாட்டுக்கடைச் சோறு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கியதும் உள்ளே ஒட்சிசன் தீர்ந்துவிடும். அதன்பின் ஆர்க்கியா எனும் நுண்ணுயிர்களின் ஆட்சி. அவை வெளிவிடும் வாயுவில் ஏறத்தாழப் பாதி மெதேன். மிச்சம் பெரும்பாலும் காபனீரொட்சைட்டு. வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் மெதேன் காபனீரொட்சைட்டைவிட 100 ஆண்டுக் கணக்கில் சுமார் 28 மடங்கு வலியது. 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு.

இந்த மெதேனையே சாப்பாடாக்கி வாழும் பற்றீரியாவை 1906இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ற் நகரில் சோங்கென் என்பவர் பிரித்தெடுத்தார். அதன் உறவுகள் நெல்வயல்களிலும் வேரைச் சுற்றி இருக்கின்றன. குப்பையை மண்ணால் மூடினால் அங்கேயும் தாமாகப் பெருகும். மூடுமண்ணை ஒரு சாண் வெட்டிப் பாருங்கள். மேலிருந்து ஒட்சிசன் இறங்குகிறது, கீழிருந்து மெதேன் ஏறுகிறது. இரண்டும் சந்திக்கும் அந்த மெல்லிய படையில்தான் இவற்றின் பந்தி. மெதேன் அங்கே காபனீரொட்சைட்டாக மாறித் தன் கடுமையை இழக்கிறது.

ஒழுங்காக மூடிப் பராமரித்த மேட்டில் மெதேனில் 10 சதவீதம் இப்படிக் கழிவதாக, காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் 2006 வழிகாட்டி கணக்கெடுக்கிறது. திறந்துகிடக்கும் மேட்டுக்கு அது கொடுப்பது பூச்சியம். நல்ல மூடுமண்ணில் அளந்தவர்கள் 10ஐவிட மிக அதிகமாகவே கண்டிருக்கிறார்கள்.

வன்னியின் சூடு இந்தப் பற்றீரியாக்களுக்கு ஏற்றது. கோடைதான் சோதனை. ஈரம் வற்றினால் அவை சோர்ந்துவிடும். களிமண் மூடலாக இருந்தால் வெடித்து, வாயு வெடிப்பு வழியே தப்பிவிடும். மாரியில் மண் ஊறி அடைத்தால் ஒட்சிசன் இறங்காது. ஆகவே வெறும் களியையோ கிரவலையோ இறுக்கி மூடுவதைவிட, கூட்டெரு கலந்த பொலபொலப்பான மண் மேல். அது ஈரத்தையும் காற்றையும் சேர்த்துத் தாங்கும். பிரதேச சபைகள் சந்தைக் கழிவைத் தரம் பிரித்தால் அந்தக் கூட்டெரு கையிலேயே கிடைக்கும். மேட்டுக்குள் அழுகப் போகும் சோறும் மரக்கறியும் குறையும். எனக்கு முதலில் செய்யவேண்டியதாகப் படுவது இந்தத் தரம் பிரிப்புத்தான். உருவான மெதேனில் ஒரு பங்கைத்தான் பற்றீரியா தின்னும்.

ஒன்றை மட்டும் இன்றைக்கே நிறுத்தலாம். குப்பை மேட்டுக்குத் தீ வைக்காதீர்கள். பிளாஸ்ரிக் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகிறது, மேல்மண்ணிலுள்ள இந்தப் பற்றீரியாக்களும் வெந்து சாகின்றன.