சேர்த்தவுடன் சோதித்துப் பார்!

20 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல்லை விடுகிறோம். தரையைத் தொட எவ்வளவு நேரமாகும்? உயரத்தை இரண்டால் பெருக்கி, 9.8 ஆல் வகுத்து, வர்க்கமூலம் காணுங்கள். காற்றின் தடையை விட்டுவிட்டால், சுமார் 2.02 வினாடி.

இக்கணக்கைச் செய்யும் கணிப்பொறி நிரலை இருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். உயரத்தைத் தரும் பகுதியை எழுதியவர் சென்டிமீட்டரில் தருகிறார். நேரத்தைக் கணக்கிடும் பகுதியை எழுதியவர் மீட்டரை எதிர்பார்க்கிறார். தனித்தனியே இரண்டும் சரி! சேர்த்தாலோ விடை 20.2 வினாடி. அளவு நூறு மடங்கானபோது விடை ஏன் பத்து மடங்கு மட்டுமே ஆயிற்று? நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இத்தகைய அலகுக் குழப்பத்தால்தான் 1999 இல் அமெரிக்கா 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்ற செவ்வாய்க் கலத்தை இழந்தது.

இருவர் எழுதினாலே இப்படி! 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் போன்ற திறந்த மூல மென்பொருள்களை உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் எழுதுகிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராதவர்களும் அவர்களில் உண்டு. எல்லோருடைய மாற்றங்களையும் மாதக்கணக்கில் சேர்த்துவைத்துக் கடைசியில் இணைத்தால், பிழை எவருடைய வரியில் என்று தேடியே களைத்துப்போவோம். ஆகவே ஒவ்வொரு மாற்றமும் வந்தவுடனேயே இணைத்துச் சோதிக்கிறார்கள். இதற்குத் 'தொடர் ஒருங்கிணைப்பு' என்று பெயர்.

இது எவ்வாறு நடக்கிறது? பொதுக் களஞ்சியத்துக்கு ஒரு மாற்றம் வந்ததும், தனியே இருக்கும் ஒரு கணிப்பொறி விழித்துக்கொள்கிறது. நிரல் முழுவதையும் புதிதாகப் பிரதி எடுக்கிறது. ஏன் புதிதாக? எழுதியவர் ஒரு கோப்பை அனுப்ப மறந்திருக்கலாம். அவருடைய கணிப்பொறியில் அந்தக் கோப்பு இருப்பதால் அங்கே குறை தெரியாது; இங்கே தெரிந்துவிடும்! பிறகு நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றி, முன்பே எழுதிவைத்த சோதனைகளை வரிசையாக ஓட்டி, முடிவை அறிவிக்கிறது.

இவ்வேலைக்கான புகழ்பெற்ற கருவி 'ஜென்கின்ஸ்'. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த ஜப்பானியரான கோசுகே கவாகுச்சி 2004 இல் இதைத் தொடங்கினார். தம் மாற்றங்களால் பொது நிரல் உடைந்து, சகாக்களின் கோபத்துக்கு ஆளாகி அலுத்துப்போனதே காரணம்! 'ஹட்சன்' என்றிருந்த பெயர் 2011 இல் ஜென்கின்ஸ் ஆயிற்று. தோல்விக்குச் சிவப்புப் பந்தைக் காட்டிய இக்கருவி, வெற்றிக்கு நீலப் பந்தைக் காட்டியது. ஜப்பானில் போக்குவரத்துப் பச்சை விளக்கை நீலம் என்றே சொல்வார்கள்!

ஒன்றை மறவாதீர்கள். நாம் கேட்கச் சொன்ன கேள்வியைத்தான் இயந்திரம் கேட்கும். "20 மீட்டருக்கு 2.02 வினாடி வருகிறதா?" என்ற சோதனையை எவரும் எழுதாவிட்டால், 20.2 என்ற விடைக்கும் நீலப் பந்துதான்! அந்த ஒரு சோதனையை எழுதப் பெரிய நிபுணர் வேண்டியதில்லை. கல் விழும் கணக்குத் தெரிந்த நீங்களே போதும். எங்கோ ஒருவர் செய்யவிருக்கும் தவறை உங்கள் ஒற்றை வரி தடுத்து நிறுத்தும்.