பன்னிரண்டாம் நம்பர் ஜேஜே

சென்னையின் எஃப்சி ரசிகர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் ஒரு வாக்குவாதம் வரும். நம்ம கிளப்புக்கு ஆடியவர்களில் பெரிய ஸ்ட்ரைக்கர் யார்? ஒருவர் மெண்டோசா என்பார். கொலம்பியாக்காரர், 2015இல் 13 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கியவர். இன்னொருவர் வால்ஸ்கிஸ் என்பார். லிதுவேனியாக்காரர், 2019-20இல் 15 கோல். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பேச்சு சூடாகி, பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போடத் தொடங்கியதும் எல்லாருடைய குரலும் இளகுவது ஒரே ஒரு பெயருக்குத்தான். ஜேஜே.

முழுப்பெயர் ஜேஜே லால்பெக்லுவா. 1991 ஜனவரி 7இல் மிசோரத்தின் தெற்கே, ஹ்னாதியால் என்ற மலையூரில் பிறந்தவர். ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக் 2014இல் தொடங்கியபோதே சென்னைக்கு வந்துவிட்டார். 2020 வரை நீலச் சட்டைதான். அந்த லீக்கில் சென்னைக்காக அவர் அடித்தது 23 கோல். இந்திய அணிக்கு 56 ஆட்டங்களில் அடித்ததும் 23 கோல். 2015இலும் 2018இலும் சென்னை கோப்பை வாங்கியபோது இரண்டு முறையும் அணியில் இருந்தார்.

எனக்குக் கால்பந்து பிறவியிலேயே வந்த ஆசை இல்லை. பெசன்ட் நகரில் வளர்ந்தவளுக்கு ஸ்டேடியம் என்றால் சேப்பாக்கம்தான். 2014இல் காலேஜில் இருந்த என் மகன்தான், “ஒரே ஒரு மேட்ச் வாம்மா, பிடிக்கலைன்னா இனிமே கூப்பிட மாட்டேன்” என்று இழுத்துக்கொண்டு போனான். திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறிப் பார்க் டவுனில் இறங்கி, சென்ட்ரலைத் தாண்டி, ரிப்பன் மாளிகை ஓரமாக நடந்தால் பெரியமேடு நேரு ஸ்டேடியம். போகப்போக அந்த வழி எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

என்னை முழுசாகக் கட்டிப்போட்டது அந்த ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி நடந்த அரையிறுதி. எதிரணி கேரளா பிளாஸ்டர்ஸ். கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்தில் 3-0 என்று தோற்றுவிட்டு வந்திருந்தோம். லீக்கில் முதலிடம் பிடித்த அணி அப்படிக் கவிழ்ந்ததில் ஊரே வாடிப்போயிருந்தது. இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் சேர்த்துத்தான் வெற்றி தோல்வி என்பதால், சென்னையில் குறைந்தது மூன்று கோல் அடித்தாக வேண்டும். முதல் கோல் சில்வெஸ்டர். இரண்டாவது கேரள டிஃபெண்டர் சந்தேஷ் ஜிங்கன் தன் வலைக்குள்ளேயே தட்டியது. அப்புறம் நிமிடங்கள் ஓடின, ஒன்றும் நடக்கவில்லை. சிலர் எழுந்து படியிறங்கவே தொடங்கிவிட்டார்கள். 90ஆவது நிமிடத்தில் மூன்றாவது கோலை ஜேஜே அடித்தார். படியிறங்கியவர்கள் அப்படியே திரும்பி ஓடி வந்ததை நான் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் மகனைக் கட்டிப்பிடித்துக் கொண்டார். கூடுதல் நேரத்தில், 117ஆவது நிமிடத்தில் கேரளாவின் பியர்சன் ஒன்று அடித்து எல்லாவற்றையும் முடித்துவிட்டார். தோற்றோம். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் என் காதில் இருந்தது அந்த 90ஆவது நிமிடச் சத்தம்தான்.

ஸ்ட்ரைக்கர் என்றால் கோல் அடிப்பவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு ஆட்டம் 90 நிமிடம். அதில் ஸ்ட்ரைக்கரின் காலில் பந்து இருப்பது மொத்தமாகவே சில நிமிடங்கள்தான். மிச்ச நேரம் என்ன செய்கிறார் என்று கவனிக்கச் சொன்னான் மகன். பந்தை விட்டுவிட்டு ஜேஜேயை மட்டும் பார் என்றான். பார்த்தேன். இரண்டு டிஃபெண்டர்களுக்கு நடுவில் நின்று கொண்டு ஓயாமல் தலையைத் திருப்பிக்கொண்டே இருப்பார், இந்தத் தோள் பக்கம் ஒரு பார்வை, அந்தத் தோள் பக்கம் ஒரு பார்வை. பின்னாலிருந்து நீளமாக ஒரு பந்து வரும். கோலுக்கு முதுகைக் காட்டியபடி, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, தன்னைவிட உயரமான டிஃபெண்டரைத் தன் முதுகாலேயே தள்ளி நிறுத்திக்கொண்டு அந்தப் பந்தை மார்பில் வாங்குவார். பந்து தரையில் விழுவதற்குள் பக்கத்தில் ஓடி வருபவருக்குத் தட்டிவிட்டு, தான் திரும்பி கோலை நோக்கி ஓடுவார். பத்தில் ஏழெட்டு முறை அந்த ஓட்டம் வீணாகத்தான் போகும். பந்து திரும்பி வராது. அடுத்த முறையும் அதே வேகத்தில்தான் ஓடுவார். அவர் இழுத்துக்கொண்டு போன டிஃபெண்டர் விட்ட இடைவெளியில் மெண்டோசா புகுந்தார் என்பதை மெண்டோசாவின் கோல்களை மறுபடி போட்டுப் பார்த்தால் தெரியும்.

எங்கள் எலியட்ஸ் கடற்கரையில், ஷ்மிட் நினைவு மண்டபத்துக்கு வடக்கே, சாயங்காலம் ஊரூர் ஆல்காட் குப்பத்துப் பையன்கள் பந்தாடுவார்கள். இந்தப் பக்கம் இரண்டு செருப்பு, அந்தப் பக்கம் இரண்டு செருப்பு, அவைதான் கோல் கம்பம். மணலில் பந்து உருளாது. தூக்கித்தான் கொடுக்க வேண்டும், மார்பிலோ தொடையிலோதான் வாங்க வேண்டும். அதில் ஒரு பையன் முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்குகிற விதத்தைப் பார்த்துவிட்டு, “யார்கிட்ட கத்துக்கிட்டே?” என்று கேட்டேன். “ஜேஜே ஸ்டைல்க்கா” என்றான். ஜேஜே கடைசியாகச் சென்னைக்கு ஆடியபோது அவனுக்கு ஐந்து வயதுகூட இருந்திருக்காது. அண்ணன் சொல்லித் தந்ததாம்.

2015 டிசம்பரை இந்த ஊரில் யாரும் மறக்க முடியாது. அடையாறு கரை மீறியது, வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது, மீனவர்கள் படகை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் மக்களை மீட்டார்கள். நேரு ஸ்டேடியத்தில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேவுக்கு மாற்றப்பட்டது. அந்த ஆண்டு நடுவில் பட்டியலின் அடியில் கிடந்த அணி சென்னை. கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்கு வந்திருந்தது. பயிற்சியாளர் மார்கோ மட்டெராட்ஸி, 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிதேனிடம் தலையால் முட்டு வாங்கிய அதே இத்தாலியர். டிசம்பர் 12ஆம் தேதி, சொந்த ஊர் இல்லாத சொந்த ஊர் ஆட்டத்தில் கொல்கத்தாவை 3-0 என்று வென்றோம். பெலிசாரி ஒன்று, ஜேஜே ஒன்று, மெண்டோசா ஒன்று. சேறு வழித்துக்கொண்டிருந்த வீடுகளில் அன்று இரவு கொஞ்ச நேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டு நாள் கழித்து கோவாவில் இறுதி ஆட்டம். 90ஆவது நிமிடம் வரை 2-1 என்று பின்தங்கி இருந்தவர்கள் 3-2 என்று கோப்பையோடு திரும்பினார்கள்.

அடுத்த சீசனில் மெண்டோசா இல்லை. ஐஎஸ்எல்லின் வழக்கம் அது. வெளிநாட்டு வீரர் வருவார், அடிப்பார், போய்விடுவார். யாரையும் குறை சொல்வதற்கில்லை, அவர்கள் பிழைப்பு அப்படி. ஜேஜே இருந்தார். அந்த ஆண்டுகளில் ஐஎஸ்எல் சில மாதங்களே நடக்கும் என்பதால் மற்ற மாதங்களில் கொல்கத்தாவின் மோகன் பகானுக்கு ஐ-லீக் ஆடினார், 2015இல் அங்கேயும் பட்டம் வென்றார். 2016 ஜனவரி 3இல் திருவனந்தபுரத்தில் நடந்த தெற்காசியக் கோப்பை இறுதியில் ஆப்கானிஸ்தான் முன்னிலை பெற்ற இரண்டே நிமிடத்தில் சமன் செய்த கோல் அவருடையது; கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி அடித்து வென்று கொடுத்தார். எல்லாம் முடித்துவிட்டு மறுபடியும் பெரியமேட்டுக்கே வருவார். எனக்கு அவர் மேல் பிரியம் வந்தது இதனால்தான்.

நான் மிகவும் விரும்பும் ஆண்டு 2017-18. ஜான் கிரிகரி பயிற்சியாளர். அந்த சீசனில் ஜேஜேக்கு 9 கோல். டிசம்பரில் பெங்களூருக்குப் போய் 2-1 என்று வென்ற ஆட்டத்தில் ஐந்தாவது நிமிடத்தில் ஜேஜே, 88ஆவது நிமிடத்தில் தன்பால் கணேஷ். கணேஷ் நம்ம வியாசர்பாடிப் பையன். இந்தியக் கால்பந்துக்கு எத்தனையோ பேரைக் கொடுத்த பேட்டை அது, ஆனால் வேறு செய்திகளுக்காகவே பேப்பரில் பெயர் வரும். மார்ச் 13, 2018 அன்று சென்னையில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். 26ஆவது நிமிடம் ஜேஜே. 29ஆவது நிமிடம் கணேஷ். 90ஆவது நிமிடம் மறுபடி ஜேஜே. 3-0. மிசோரத்து மலையிலிருந்து ஒருவர், வியாசர்பாடிச் சந்திலிருந்து ஒருவர், மூன்று கோலும் அவர்களுடையதுதான். ‘பி ஸ்டாண்ட் ப்ளூஸ்’, ‘சூப்பர் மச்சான்ஸ்’ என்று இரண்டு ரசிகர் படைகள் உண்டு எங்களுக்கு. அன்று ‘போடு மச்சி கோலு’ என்று அவர்கள் எழுப்பிய குரலில் ஸ்டேடியத்தின் சிமெண்ட் படி அதிர்ந்ததை என் பாதம் உணர்ந்தது. நாலு நாள் கழித்து பெங்களூரு கன்டீரவா ஸ்டேடியத்தில் பெங்களூரு அணியையே 3-2 என்று வீழ்த்தி இரண்டாவது கோப்பை.

அதற்கு அடுத்த ஆண்டு எல்லாம் தலைகீழ். 2018-19இல் சென்னை கடைசி இடம், வெறும் 9 புள்ளி. ஜேஜேக்கு லீக்கில் ஒரே ஒரு கோல். ஸ்ட்ரைக்கருக்கு கோல் வறட்சி வந்தால் அதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். யோசிக்காமல் அடித்துக்கொண்டிருந்தவர் அடிப்பதற்கு முன் ஒரு கணம் யோசிக்கத் தொடங்குவார், அந்த ஒரு கணத்தில் டிஃபெண்டர் வந்துவிடுவார். பக்கத்து வரிசையில் ஒருவர் திட்டினார். முன்னாலிருந்த பையன் திரும்பி, “அண்ணா, அவரு ஓடுறதை நிறுத்தலையே, அதைப் பாருங்க” என்றான். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. 2019 மார்ச்சில் ஏஎஃப்சி கோப்பைத் தகுதிச் சுற்றில் இலங்கையின் கொழும்பு அணியை 1-0 என்று வென்று சென்னை முதன்முறையாக ஆசியப் போட்டிக்குள் நுழைந்தது. அந்த ஒரு கோலும் ஜேஜேதான்.

பிறகு முழங்கால். அறுவை சிகிச்சை. 2019-20 சீசன் முழுவதும் ஆட முடியவில்லை. 2020இல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். கொரோனா காலம் என்பதால் அந்த ஐஎஸ்எல் முழுவதும் கோவாவில் ஆளில்லாத ஸ்டேடியங்களில் நடந்தது. ஏழு ஆட்டம், கோல் இல்லை. சென்னையின் இரண்டு கோப்பைக்குத் தோள் கொடுத்தவரை எழுந்து நின்று கைதட்டி வழியனுப்பும் வாய்ப்பு சென்னைக்காரர்களுக்குக் கிடைக்காமலே போய்விட்டது.

மனிதராகவும் அவர் எங்களை ஏமாற்றவில்லை. 2020 ஊரடங்கில் ஐசால் ஆஸ்பத்திரிக்கு ரத்தம் வேண்டும் என்று மிசோ இளைஞர் சங்கத்தார் கேட்டபோது முதலில் ஓடிப்போனவர்களில் ஒருவர். 2023இல் ஆட்டத்துக்கு விடைகொடுத்துவிட்டு, ஜோரம் மக்கள் இயக்கம் சார்பில் தெற்கு துய்ப்புய் தொகுதியில் நின்றார். எதிரே இருந்தவர் பதவியில் இருந்த சுகாதார அமைச்சர். வென்ற வித்தியாசம் 135 ஓட்டு. அன்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில், கூடுதல் நேரத்தில் கோல் என்று எழுதினான் மகன்.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராக கோல் அடித்த சைமன் சுந்தரராஜ் தமிழர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இதுவரை அடித்த கடைசி கோல் அதுதான். 1997-98 தேசிய லீக்கில் எஃப்சி கொச்சினுக்காக 10 கோல் அடித்து நாட்டிலேயே முதலிடம் பிடித்த ராமன் விஜயனும் தமிழர். இவர்கள் பெயரைக் கடற்கரையில் ஆடும் பையன்களிடம் சொன்னால் விழிக்கிறார்கள். சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இத்தனை காலம் இந்த ஊரில் பெரிய கிளப் இல்லை, ஸ்டாண்ட் இல்லை, சனிக்கிழமை சாயங்காலக் கூட்டம் இல்லை. கொல்கத்தாவில் நூறு வருஷத்துக்கு முந்தைய கோலைப் பேரன்கள் சொல்கிறார்கள். இப்போதுதான் நமக்கு ஒரு கிளப் கிடைத்திருக்கிறது, அதற்கு நினைவுகளும் சேரத் தொடங்கியிருக்கின்றன. ஜேஜே அதில் முதல் பெயர் என்பேன் நான்.

கிளப் நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள். ஜேஜேக்கு நேரு ஸ்டேடியத்தில் முறையாக ஒரு வழியனுப்பு ஆட்டம் நடத்துங்கள். தன்பால் கணேஷைக் கூப்பிடுங்கள், மெண்டோசா வர முடிந்தால் அவரையும் கூப்பிடுங்கள். பன்னிரண்டாம் நம்பர் சட்டையில் அவர் பத்து நிமிடம் ஆடினால் போதும். வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கும் எங்கள் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு ஸ்டாண்டை ஒதுக்குங்கள். எங்கள் டிக்கெட்டை நாங்கள் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம்.