அரிமளத்து வாண்டுமாமாவும் அட்டை கிழிந்த பூந்தளிரும்

அம்மா பிறந்த ஊர் அரிமளம். புதுக்கோட்டையிலிருந்து டவுன் பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். எண்பதுகளில் என் கோடை விடுமுறை எல்லாம் அங்கேதான். மாமா வீட்டுத் திண்ணையில் குப்புறப் படுத்துக்கொண்டு பூந்தளிர் படிப்பேன். அந்தப் பூந்தளிரின் ஆசிரியர் பிறந்ததும் இதே ஊரில்தான் என்பது முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மாமாவிடம் சொன்னேன். "அப்படியா மாப்ளே! யாரு, எந்தத் தெரு?" என்றார். தெரு எனக்கும் தெரியாது.

அவர்தான் வாண்டுமாமா. இயற்பெயர் வி. கிருஷ்ணமூர்த்தி. 1925 ஏப்ரல் 21இல் பிறந்தவர். பெரியவர்களுக்கு எழுதும்போது கௌசிகன் என்ற பெயரிலும், குழந்தைகளுக்கு எழுதும்போது வாண்டுமாமா என்ற பெயரிலும் எழுதினார். ஓவியர் செல்லத்தோடு சேர்ந்து அவர் செய்த 'பலே பாலு' சித்திரக்கதையை இன்றைக்கும் நினைவு வைத்திருக்கிற ஐம்பது, அறுபது வயதுக் குழந்தைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 'தோன்றியது எப்படி?' மாதிரியான அறிவியல் நூல்களும் அவர் எழுதியவைதான்.

இன்னொரு விஷயம். அரிமளத்துக்குப் பக்கத்தில் இராயவரம் என்று ஒரு ஊர். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922இல் பிறந்தது அங்கே. 'சக்தி' வை. கோவிந்தனும் இராயவரத்துக்காரர்தான். சென்னையில் சக்தி காரியாலயம் நடத்திய கோவிந்தன், பெரியவர்களுக்கான நூல்களோடு நிற்காமல் 'அணில்' என்று சிறுவர்களுக்கும் ஒரு பத்திரிகை கொண்டுவந்தார். தமிழ்வாணன் அதற்கு ஆசிரியராக இருந்தார். வள்ளியப்பா 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை அமைத்தார். 1972இல் தொடங்கிய கோகுலம் இதழில் வாண்டுமாமா, வள்ளியப்பா இருவருமே வெவ்வேறு காலத்தில் ஆசிரியப் பொறுப்பில் இருந்திருக்கிறார்கள். பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்தின் இந்தச் சின்ன வட்டாரத்துக்குள் இத்தனை பேர்! ஏன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அது தனி ஆராய்ச்சி. நான் சொல்ல வந்தது வேறு.

பூந்தளிர் 1984இல் தொடங்கியது. மலையாளத்தில் பூம்பாட்டா இதழை நடத்திய பை அண்ட் கம்பெனி அதை வெளியிட்டது. கபீஷ் குரங்கு, காக்கை காளி, வேட்டைக்கார வேம்பு, சுப்பாண்டி எல்லாரும் தமிழ் பேசியது அதில்தான். இதில் சுப்பாண்டி கதை கொஞ்சம் விசேஷமானது. 1980இல் அனந்த் பை தொடங்கிய டிங்கிள் இதழுக்குத் திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கதை எழுதி அனுப்பினார். ராம் வாயீர்கர் படம் போட்டார். ஒரு வாசகர் அனுப்பிய கதையிலிருந்து பிறந்த பாத்திரம் இந்தியா முழுக்கப் பிரபலமாகி, பூந்தளிர் வழியாகத் தமிழுக்கே திரும்பி வந்தது!

சில ஆண்டுகளில் பூந்தளிர் நின்றுபோனது. நான் சேர்த்து வைத்திருந்த இதழ்கள் அதற்கப்புறமும் பரணில் இருந்தன. பி.இ. முதல் வருடம் முடிந்து விடுதியிலிருந்து வந்து பார்த்தால் பரண் காலி. "எடைக்குப் போட்டுட்டேன்டா. எலி குடும்பம் நடத்திச்சு" என்றார் அம்மா. அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடந்திருக்கும்.

யோசித்துப் பார்த்தால், சிறுவர் இதழ் அழிந்துபோவதற்கென்றே அச்சடிக்கப்படுகிற ஒன்று. அது போய்ச் சேருவது குழந்தையின் கைக்கு. குழந்தை அதில் வண்ணம் தீட்டும், முகமூடியை வெட்டும், புள்ளிகளை இணைக்கும். தம்பி கையில் சிக்கினால் கப்பலாகிவிடும். பெரிய இலக்கியப் பத்திரிகைகளைப் பைண்டு பண்ணி வைத்த நூலகங்கள்கூட இவற்றைச் சேர்த்து வைப்பது குறைவு. ஒரு நூலகத்தில் நான் கேட்டபோது, "அதெல்லாம் பசங்க புக்கு சார், கிழிஞ்சதும் கழிச்சிருவோம்" என்றார்கள். ஆக, இதற்கு இருக்கிற ஒரே ஆவணக் காப்பகம் படித்து வளர்ந்த வாசகர்கள்தான். அதிலும் முழுசாக வைத்திருப்பவர் யாருமில்லை. ஒருவரிடம் பத்து இதழ், இன்னொருவரிடம் அட்டை மட்டும், வேறொருவரிடம் வெறும் ஞாபகம்.

எங்களைச் சேர்த்து வைத்தது இந்தக் குறைதான். எனக்கு ஒரு தொடர்கதையின் கடைசி இரண்டு பகுதிகள் தேவைப்பட்டன. பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர், "உங்களை மாதிரியே ஒருத்தர் வந்து கேட்டுட்டுப் போனார்" என்று மதுரையில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியின் எண்ணைக் கொடுத்தார். தயங்கித் தயங்கித்தான் பேசினேன். யாரென்றே தெரியாத அந்த மனிதர், போனிலேயே இருபது நிமிடம் அந்தக் கதையின் முடிவைச் சொன்னார். அடுத்த வாரம் ஜெராக்ஸும் கூரியரில் வந்தது. அவர் வழியாகக் கும்பகோணத்தில் ஒருவர், அவர் வழியாக சிங்கப்பூரில் ஒரு அக்கா. இப்போது பதினோரு பேர் இருக்கிறோம். நாங்கள் பேசிக்கொள்வதில் பாதி, "அந்த இதழ் எந்த மாதம்?" என்பதுதான்.

அட்டை கிழிந்த இதழுக்குத் தேதி கண்டுபிடிப்பது எப்படி? முதலில் விளம்பரங்களைப் பார்ப்போம். தீபாவளி வாழ்த்து இருந்தால் அக்டோபர், நவம்பர். அப்புறம் தொடர்கதையின் பகுதி எண். எல்லாவற்றையும்விட நல்ல சாட்சி புதிர்ப் பக்கம். புதிர் ஒரு இதழில் வரும், விடை அடுத்த இதழில் வரும். கையில் இருக்கிற விடைக்குப் பொருந்துகிற புதிர் யாரிடம் இருக்கிறதோ, அதுதான் முந்தைய இதழ். சாஃப்ட்வேர்காரனுக்கு இது 'லிங்க்டு லிஸ்ட்'. ஒவ்வொரு இதழும் தனக்கு முன்னால் வந்ததைக் கைகாட்டுகிறது. சங்கிலியில் ஒரே ஒரு இதழுக்குத் தேதி உறுதியானால் போதும், மற்றதெல்லாம் எண்ணிக்கொண்டே போகலாம். என்ன, புதிர் கோவில்பட்டியில் இருக்கும், விடை சிங்கப்பூரில் இருக்கும். தனியாக உட்கார்ந்து இதைச் செய்யவே முடியாது.

செய்ய முடியாமல் போனதும் ஒன்று உண்டு. இதழில் பெயர் போடாத பக்கங்கள் ஏராளம். சின்னச் சின்ன அறிவியல் துணுக்குகள், விடுகதைகள், ஒரு பக்கக் கதைகள். சிறுவர் பத்திரிகை ஆசிரியர் பல பெயர்களிலும் பெயரே இல்லாமலும் பக்கங்களை நிரப்புவது சகஜம். எவையெல்லாம் வாண்டுமாமா எழுதியவை என்று ஒரு எக்செல் பட்டியல் போட்டு, நாற்பத்து மூன்று கேள்விகள் தயாராக வைத்திருந்தேன். அவர் சென்னையில்தான் இருந்தார். நானும் சென்னையில்தான் இருந்தேன். பட்டியலை முழுசா முடிச்சுட்டுப் போகலாம் என்று தள்ளிப்போட்டேன். ப்ராஜெக்ட் ரிலீஸ், பையனுக்குப் பரீட்சை. 2014 ஜூன் 12 அன்று வாண்டுமாமா காலமானார்.

அந்த 'விடை' என்ற பத்தி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. முதல் பத்தியில் கேள்வி, மூன்றாவதில் நாங்கள் பதினோரு பேரும் போட்ட ஊகம். நடையை வைத்து ஏழு கேள்விகளில் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறோம். அது ஆதாரம் ஆகாது என்பதும் தெரியும்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய சிறுவர் இதழ் ஏதாவது கிடந்தால், எடைக்குப் போடும் முன்னால் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. புதிர்ப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நீங்கள் பென்சிலில் எழுதிய விடை தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.