பேத்தியின் ஏழு பேர்

காலைக் காப்பியை முடித்துவிட்டுச் செய்தித்தாளின் நடுப்பக்கத்தை நான் எட்டுவதற்குள், "தாத்தா, இன்னைக்கு என்ன நாள் தெரியுமா?" என்று என் பேத்தி கேட்டால், ஏகாதசியோ கிருத்திகையோ என்று எண்ணிப் பஞ்சாங்கத்தைத் தேடிப் போவது முன்பெல்லாம் என் வழக்கம்; அவள் குறிப்பிடும் நாள் தென் கொரியாவில் பிறந்த ஏழு வாலிபர்களில் யாரேனும் ஒருவருடைய ஜன்ம தினமாகவோ, அவர்களுடைய பாட்டு ஒன்று வெளியான தினமாகவோதான் இருக்கும் என்பதை இந்த ஐந்து வருஷங்களில் பரிபூரணமாகத் தெரிந்துகொண்டுவிட்டபடியால், இப்போது பஞ்சாங்கத்தின் பக்கம் போவதில்லை; "யாருக்கு?" என்று மட்டும் கேட்கிறேன். ஜூன் மாதம் 13-ஆம் தேதி எங்கள் வீட்டில் பாயசம் உண்டு. 2013-ஆம் ஆண்டு அந்தத் தேதியில்தான் பி.டி.எஸ். என்னும் அக்குழு முதன்முதலாக மேடையேறிற்றாம். என் மனைவி காரணம் கேட்டுப் பாயசம் வைக்கிறவள் அல்லள். ஆகவே இந்தப் பண்டிகை யாதொரு விவாதமுமின்றி எங்கள் குடும்ப சம்பிரதாயத்தில் சேர்ந்துவிட்டது.

பேத்தி இங்கே திருச்சியில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். 2020-இல், ஊரடங்கினால் பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டு, பதினான்கு வயதுக் குழந்தைகள் கைபேசியைத் தவிர வேறு சிநேகம் இல்லாமல் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த அந்தச் சங்கடமான காலத்தில், ஆகஸ்ட் மாதம் வெளிவந்த 'டைனமைட்' என்ற பாட்டு அவளை வந்து பற்றிக்கொண்டது. முழுவதும் ஆங்கிலத்தில் அமைந்த அந்தப் பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடத்தைப் பிடித்ததும், கொரியக் குழு ஒன்றுக்கு அந்த ஸ்தானம் கிடைத்தது அதுவே முதல் தடவை என்பதும், நான் தேடிப் படித்து அறிந்த விஷயங்கள் அல்ல. குக்கர் மூன்றாவது விசில் அடிக்கக் காத்திருக்கும் நேரத்தில், சமையலறை வாசற்படியில் சாய்ந்தபடி அவள் தன் பாட்டியிடம் உபந்நியாசம் செய்ததைக் கூடத்திலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டவை.

அபிப்பிராயங்கள் அவளிடம் ஏராளம். கொரியத் தொடர்களைத் தமிழ் டப்பிங்கில் பார்க்கிறவர்களை அவள் மன்னிப்பதில்லை. "ரசஞ் சாதத்தை மிக்ஸியில போட்டுக் குடிக்கிற மாதிரி தாத்தா அது" என்பாள். பட்டியலில் ஏறிய பாட்டுகளை மட்டும் கேட்டுவிட்டு, ஆல்பத்தின் கடைசியில் கிடக்கும் பாட்டுகளைக் கேளாதவர்கள் வாயைத் திறக்கலாகாது என்பது அவளுடைய மற்றொரு சித்தாந்தம். ஒரு கச்சேரிக்குப் போய்த் துக்கடாவை மட்டும் கேட்டுவிட்டுப் பாடகரை எடை போடுகிறவர்களைப் பற்றி நானும் என் சிநேகிதர்களும் நாற்பது வருஷங்களாக இதையேதான் சொல்லி வந்திருக்கிறோம் ஆகையால், அவள் பேச்சில் எனக்குப் பிடிபடாதது எதுவும் இல்லை. ஒரு நாள் அவள் சொன்னாள்: "டைனமைட் கேட்டுட்டு வர்றவங்க நெறைய பேரு. ஸ்பிரிங் டே கேட்டுட்டு இங்கேயே தங்கிடறாங்க பாருங்க, அவங்கதான் ஆர்மி."

'ஆர்மி' என்பது இந்தக் குழுவின் ரசிகர் கூட்டத்துக்குப் பெயர். 'ஸ்பிரிங் டே' 2017-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான பாட்டு. பெயரில்தான் வசந்தம் இருக்கிறதே தவிர, உள்ளே முழுவதும் பனிக்காலம்; பிரிந்துபோன சிநேகிதனை எண்ணி, இந்தக் குளிர் எப்போது நீங்கும் என்று ஏங்குகிற ஒருவனுடைய பாட்டு. 2014-ஆம் வருஷம் ஏப்ரலில் செவோல் என்னும் கப்பல் கவிழ்ந்து முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டதையும், அவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாப் புறப்பட்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்பதையும் அறிந்த ரசிகர்கள் பலர், அந்தக் குழந்தைகளுக்கான இரங்கற்பாவாகவே இதைக் கருதி வருகிறார்கள். வெளிவந்து வருஷக் கணக்காகியும் கொரியாவின் மெலன் பட்டியலை விட்டு அது இறங்காமல் இருந்ததற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. எனக்கு அந்தப் பாஷையில் ஓர் அட்சரமும் தெரியாது. ஆயினும் பேத்தி அர்த்தம் சொல்லிக்கொண்டே அதைப் போட்டுக் காட்டிய சாயங்காலத்தில், நான் இடையில் எழுந்து போகவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அட்சரம் என்றதும் நினைவு வருகிறது. பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் ஒரு நாள் வட்டமும் கோடும் சதுரமுமாக ஏதோ கிறுக்கியிருப்பதைக் கண்டு, குழந்தைகள் யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று எண்ணினேன். அது 'அப்பா' என்ற சொல்லாம். கொரிய மொழியிலும் அப்பாவுக்கு அப்பா என்றே பெயர். அம்மாவுக்கு ஏறக்குறைய 'ஒம்மா'. இந்த ஒற்றுமைகளைக் கண்டு வியந்து, கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-ஆம் ஆண்டிலேயே ஓர் இலக்கணப் புத்தகம் எழுதியிருக்கிறார். மொழிநூலார் அந்த உறவை அங்கீகரிக்கவில்லை. தாயையும் தகப்பனையும் அழைக்கும் மழலைச் சொற்கள் உலகெங்கும் ஒன்றுபோல ஒலிப்பது சகஜம் என்பது அவர்களுடைய சமாதானம். பேத்திக்கு இந்தச் சமாதானம் கிஞ்சித்தும் திருப்தி அளிக்கவில்லை.

ஆனால் எழுத்தைப் பற்றி அவள் சொன்னது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. சேஜோங் என்ற மன்னர், சீன எழுத்தைக் கற்க வகையற்ற சாமானிய ஜனங்கள் படும் அவஸ்தையைக் கண்டு, 1443-ஆம் ஆண்டில் புதிய எழுத்துமுறை ஒன்றைச் சமைத்து 1446-இல் அதைப் பிரகடனம் செய்தாராம். இன்று வழங்கும் அடிப்படை எழுத்துகள் 14 மெய்யும் 10 உயிரும் ஆக 24 தாமாம். ககர ஒலிக்கு உரிய எழுத்து, நாவின் அடிப்பகுதி மேலண்ணத்தை அடைக்கும் கோலம்; நகரத்துக்கு உரியது, நாநுனி மேலே சென்று ஒற்றும் கோலம்; மகரத்துக்கு உரிய சதுரம் வாயின் வடிவம். ஒலி பிறக்கும் இடத்தை ஆராய்ந்து தொல்காப்பியர் பிறப்பியல் என்று ஓர் இயலே வகுத்திருக்க, அந்தப் பிறப்பையே எழுத்தின் உருவமாக வரைந்து வைத்துவிட்ட ஓர் அரசனைப் பற்றி அறுபத்தெட்டு வயதுவரை நான் கேள்விப்படவில்லை. ஏழு பேர் ஆடிப் பாடுவதைப் பார்த்து ஒரு பெண் எனக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்தாள். பிறப்பியலை நான் அவளுக்குச் சொன்னபோது, "இதை ஸ்கூல்ல இப்படிச் சொல்லலையே" என்று அவள் வருத்தப்பட்டதும் உண்மை.

இவ்வளவு இருந்தும், அவளுடைய பக்தியில் ஓர் அம்சம் எனக்கு ஒவ்வாமலே இருந்து வருகிறது. புதிய பாட்டு வெளியாகும் தினத்தில் அவளும் அவளுடைய தோழிகளும் இரவெல்லாம் கண்விழித்து, ஒரு பாட்டைத் தொடர்ந்து ஓடவிட்டால் கணக்கில் சேராமல் போய்விடுமோ என்று நடுவே வேறு பாட்டுகளைப் புகுத்தி, சப்தத்தை முழுவதும் அடைத்துவிடாமல், மறுபடி மறுபடி தேடி எடுத்து ஓடவிடுகிறார்கள். 'டைனமைட்' முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட தடவை பார்க்கப்பட்டது இப்படிப்பட்ட கைங்கரியத்தால்தான். கூடத்தின் ஒரு மூலையில் என் மனைவி நோட்டுப் புத்தகத்தில் ஸ்ரீராமஜெயம் எழுதிக்கொண்டிருப்பாள். மற்றொரு மூலையில் பேத்தி எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டிருப்பாள். ஒரு வித்தியாசம் உண்டு: பாட்டி எழுதிய ராம நாமத்தைக் கொண்டு எந்த வியாபாரியும் லாபம் கணக்கிடுவதில்லை. என் தகப்பனார் காலத்து ரசிகர் பாட்டைக் கேட்டார், சுகித்தார், வீட்டுக்கு நடந்தார்; தாம் கேளாவிட்டால் பாடகருக்கு முதலிடம் பறிபோய்விடும் என்ற பாரம் அவர் தலையில் இல்லை. இந்தக் காலத்து ரசிகையோ அநுபவிக்க வேண்டியவளாகவும், வேலை செய்ய வேண்டியவளாகவும் ஒருங்கே ஆகிவிட்டாள், கூலியில்லாமல்.

போட்டோ கார்டு சமாசாரம் இன்னும் மோசம். ஒட்டிய உறைக்குள் ஏழு பேரில் எவருடைய படம் இருக்கும் என்று தெரியாமலே ஆல்பத்தை வாங்க வேண்டும். வேண்டியவர் கிடைக்காவிட்டால் இன்னொன்று வாங்கத் தோன்றும். கொரிய இசை வணிகத்தார் பொதுவாகவே கையாளும் இந்த உபாயத்தைச் சூதாட்டம் என்று நான் சொன்னதற்கு, பேத்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "கொஞ்சம் சூதாட்டந்தான்" என்றாள்.

இந்தப் பைத்தியத்தைக் கண்டு நகைக்கிறவர்கள் எங்கள் உறவினரிடையே பலர். அவர்களில் ஒருவர், தம் யௌவனத்தில் அபிமான நடிகரின் கட் அவுட்டுக்குச் சாரத்தில் ஏறி நின்று பாலாபிஷேகம் செய்தவர். ஆண் பிள்ளைகள் தெருவை மறித்துப் பட்டாசு வெடித்தால் அது உற்சாகம்; பெண் குழந்தை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஏழு படங்களை ஒட்டினால் அது புத்தி மாறாட்டம். இதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்த உறவினர் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்.

கொரிய இசை உலகில் புதிய ஆல்பம் வெளியாவதற்குக் 'கம்பேக்' என்று பெயர். போன மாதம் பாடியவன் இந்த மாதம் பாடினாலும் கம்பேக்தான். "எங்கேயும் போகாதவன் எப்படியம்மா திரும்பி வருவான்?" என்று நான் பரிகாசம் செய்து வந்தேன். பிறகு அவர்கள் உண்மையாகவே போனார்கள். திடகாத்திரமான ஆண்மக்கள் எல்லோரும் ராணுவ சேவை செய்தாக வேண்டும் என்பது தென் கொரியாவின் சட்டம். புகழ் பெற்ற கலைஞர்கள் முப்பது வயதுவரை அதை ஒத்திப்போடலாம் என்று 2020-இல் ஒரு சலுகை பிறந்தது. அந்த வயது நிறைந்ததும், குழுவில் மூத்தவரான ஜின், 2022 டிசம்பர் 13-ஆம் தேதி தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு பாசறை புகுந்தார். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் சென்றார்கள். தோளில் ஏற்பட்டிருந்த பாதிப்பினால் படைக்குப் பதிலாகப் பொதுப் பணியில் சேர்ந்த சுகாவின் தவணை 2025 ஜூன் 21-ஆம் தேதி முடிந்ததோடு எழுவர் சேவையும் நிறைவேறிற்று. இடையே ஓடியது இரண்டரை வருஷம். பேத்தி அதை நாள் நாளாக அடித்துக் கழித்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தவள் கல்லூரிக்குப் போய்விட்டாள்.

அந்த இரண்டரை வருஷம் என்ற கணக்கைக் கேட்டபோதுதான் எனக்கு என் தகப்பனார் ஞாபகம் வந்தது. பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை பழகிக்கொண்டிருந்த பதினெட்டு வயதில், தோள்வரை புரளும் பாகவதர் கிராப்பு வைத்துக்கொண்டதற்காகத் தம் தகப்பனாரிடம் அடி வாங்கியவர் அவர். எம்.கே. தியாகராஜ பாகவதர் எங்கள் ஊர்க்காரர் என்பதில் அவருக்கு இருந்த கர்வம், தமக்கே ராக ஞானம் கைவந்துவிட்டாற் போன்றது. 1944-ஆம் வருஷத் தீபாவளிக்குப் பாகவதர் பாடி நடித்த 'ஹரிதாஸ்' படம் வெளியாயிற்று. டிசம்பர் மாதத்திலேயே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். பாகவதர் சிறைக்குள் இருக்க, சென்னை பிராட்வே கொட்டகையில் 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்டது. படத்தின் சிறப்பு, பாட்டின் இனிமை என்று காரணங்கள் பல சொல்வார்கள். நான் என் தகப்பனாரைக் கண்டவன் ஆகையால், அதில் பாதி காத்திருப்பு என்றே சொல்வேன். ஆளைப் பார்க்க முடியாதவர்கள் நிழலையாவது பார்த்து வரப் போனார்கள். அவரும் 1946-இல் ரயில்வே பாஸ் எடுத்துக்கொண்டு, ராத்திரி வண்டியில் நின்றபடி பட்டணம் போய், அப்பொழுதே திருச்சியில் நாலைந்து தடவை பார்த்துவிட்ட அந்தப் படத்தைப் பிராட்வேயில் பார்த்துவிட்டு மறுநாள் வேலைக்குத் திரும்பினார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பிய வழக்கில் இருவரும் குற்றவாளிகள் அல்லர் என்று 1947 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று.

பேத்தி இதை முழுவதும் கேட்டாள். அவள் கேட்ட அளவுக்கு என் பிள்ளைகள் ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

"வெளியே வந்தப்புறம்?"

'ராஜமுக்தி' வந்தது, 1948-இல். புதுமைப்பித்தன் அந்தப் படத்துக்கு வசனம் எழுதத்தான் புனா சென்று காசநோயோடு திரும்பி அந்த வருஷமே மறைந்தார் என்பது இலக்கிய அன்பர்கள் அறிந்த துயரம். படம் ஓடவில்லை. பாகவதர் பின்னும் நடித்தார், கச்சேரிகள் செய்தார், 1959-இல் காலமானார். பழைய கோலாகலம் திரும்பவில்லை.

"கொள்ளுத் தாத்தா அந்தப் படம் பாத்தாங்களா?"

பார்த்தார். எப்படி இருந்தது என்று நான் சிறுவனாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். "சாரீரம் அப்படியேதான் இருந்தது" என்றார்; அதற்குமேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அடுத்த வாரம் இன்னொரு தடவை போய்ப் பார்த்ததாகச் சித்தப்பா சொல்லித்தான் பிற்பாடு தெரிந்தது.

பேத்தி சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, ஏழு பேரும் சேர்ந்து பாடும் புதிய ஆல்பம் 2026 வசந்தத்தில் வரப்போவதாக 2025 ஜூலை மாதத்தில் அவர்களே அறிவித்ததை நினைவூட்டினாள். வசந்த ருது என்பது சித்திரையும் வைகாசியும் என்று நான் சொன்னேன். கொரியாவில் மார்ச்சிலேயே வசந்தம் என்றாள் அவள். மாசி மாதத்தில் என்ன வசந்தம் என்று பாட்டி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். எதற்கும் மார்ச்சு முதல் மே வரையில் எல்லா நாளையும் ஊதா நிறப் பேனாவால் கட்டங்கட்டி வைப்பது என்று தீர்மானம் ஆயிற்று. 2026-ஆம் வருஷத்துக் காலண்டர் அப்போது கடைக்கு வந்திருக்கவில்லை.