இழுப்பது கை, உழைப்பது கால்

மாலை ஏழு மணிக்கு எந்த ஜிம்முக்குப் போனாலும் ட்ரெட்மில் பக்கம் ஆள் காத்திருப்பார்கள். சைக்கிளும் காலியிருக்காது. சுவரோரமாக எட்டடி நீளத்துக்குக் கிடக்கும் ரோயிங் மெஷினில் மட்டும் ஆளிருக்காது. அதன் சீட்டில் யாரோ துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்திருப்பார்கள். எப்போதாவது ஒருவர் வந்து உட்கார்வார். சக்கரத்தின் பக்கவாட்டில் இருக்கும் லீவரை எடுத்த எடுப்பில் 10-க்குத் தள்ளுவார். "ஃபுல்லா வெச்சு இழுங்க ப்ரோ, அப்பதான் கை ஏறும்" என்று பக்கத்தில் நிற்கும் டிரெய்னரும் உசுப்பேற்றுவார். மூன்று நிமிடம் கழுத்து நரம்பு புடைக்க இழுத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவார். மறுநாள் அவரை ட்ரெட்மில்லில்தான் பார்க்கலாம்.

மெஷின் மேல் தப்பில்லை. கைக்கான பயிற்சி என்று நினைத்து அதில் உட்கார்ந்ததுதான் தப்பு. துடுப்புப் போடும் விசையில் ஏறத்தாழ அறுபது பங்கு காலிலிருந்து வருகிறது, முப்பது பங்கு இடுப்பும் முதுகும் தருவது, மிச்சம் பத்துதான் கைக்கு என்பது பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. துல்லியமான அளவாக இல்லாவிட்டாலும் வழிகாட்ட இது போதும்.

ஒரே ஒரு இழுப்பை நிதானமாகப் பார்ப்போம். பாதத்தைக் கட்டும் பட்டை, விரல்கள் தொடங்கும் அகலமான இடத்துக்கு மேல் வரவேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் நகர்ந்து வாருங்கள். முழங்காலுக்குக் கீழே கால் செங்குத்தாக நிற்கும் இடம் வந்ததும் நிறுத்திவிடுங்கள், அதைத் தாண்ட வேண்டாம். கை நீண்டிருக்கட்டும், தோள் தளர்ந்திருக்கட்டும், உடம்பு இடுப்பிலிருந்து லேசாக முன்னே சாய்ந்திருக்கட்டும். இப்போது இழுக்காதீர்கள், மிதியுங்கள். நெல் மூட்டை தூக்குகிறவர் காலை ஊன்றி எழுவாரே தவிர, கையால் மட்டும் மூட்டையைப் பிடுங்க மாட்டார். இங்கேயும் அப்படித்தான். கால் ஏறக்குறைய நீண்ட பிறகு உடம்பு பின்னே சாயும். கடைசியில்தான் முழங்கை மடங்கி, கைப்பிடி விலாவுக்குச் சற்றுக் கீழே வந்து தொடும்.

திரும்பும்போது வரிசை தலைகீழாகும். முதலில் கை நீளும், பிறகு உடம்பு முன்னே சாயும், கைப்பிடி முழங்காலைத் தாண்டிய பிறகே கால் மடங்கும். புதியவர்கள் முதலில் முழங்காலை மடக்கிவிடுவார்கள். உடனே கைப்பிடி முழங்காலில் இடிக்கும், அதைத் தவிர்க்கக் கையைத் தூக்குவார்கள், சங்கிலி மேலும் கீழும் ஆடும். சங்கிலி ஒரே நேர்க்கோட்டில் போய் வருகிறதா என்று கவனித்தாலே போதும், பாதிப் பிழையை நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

இன்னொன்று, நேரம். மிதிப்பதற்கு ஒரு பங்கு நேரம் என்றால் திரும்பி வர இரண்டு பங்கு. நிமிடத்துக்கு 20 முதல் 24 இழுப்பு வந்தால் தாராளம். ஜிம்மில் பலர் 35-ஐத் தொட்டுக்கொண்டு தடதடவென்று முன்னும் பின்னும் ஓடுவார்கள். சத்தம்தான் அதிகம், வேகம் ஏறாது.

அந்த 10-க்கு வருவோம். காற்றில் இயங்கும் மெஷினில் அந்த லீவர் செய்வது ஒரே வேலை: சக்கரத்தை மூடியிருக்கும் கூண்டுக்குள் எவ்வளவு காற்று போகலாம் என்று தீர்மானிக்கிறது. 10-ல் வைத்தால் நிறையக் காற்று புகும், சக்கரம் சீக்கிரம் வேகம் இழக்கும், சரக்கு ஏற்றிய படகை நகர்த்துவதுபோல் இருக்கும். 3, 4 என்று குறைத்தால் ஒல்லியான பந்தயப் படகு. மெஷின் எவ்வளவு எதிர்த்து நிற்கும் என்பது நீங்கள் எவ்வளவு வேகமாக மிதிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஓங்கி மிதித்தால் 4-லும் அது ஓங்கித்தான் எதிர்க்கும். ஒலிம்பிக் போகிறவர்களே பெரும்பாலும் நடு அளவில்தான் பயிற்சி செய்கிறார்கள். நமக்கு எதற்கு 10?

திரையில் நிறைய எண்கள் ஓடும். பார்க்கவேண்டியது ஸ்ப்ளிட் என்ற ஒன்றைத்தான்: இதே வேகத்தில் போனால் 500 மீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது அது. இதில் ஈவிரக்கமில்லாத ஒரு கணக்கு உண்டு. 2 நிமிடம் 30 வினாடி என்ற வேகத்துக்கு ஏறக்குறைய 104 வாட் சக்தி போதும். அதை 2 நிமிடமாகக் குறைக்க 203 வாட் தேவை. அரை நிமிடம் குறைக்கக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உழைப்பு! 2018-ல் ஆஸ்திரேலியாவின் ஜோஷ் டங்க்லி-ஸ்மித் 2,000 மீட்டரை 5 நிமிடம் 35.8 வினாடியில் முடித்து உலக சாதனை படைத்தார். கணக்குப் போட்டால் அவ்வளவு நேரமும் சராசரியாக 590 வாட். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதே தூரத்துக்குப் பத்து நிமிடம் ஆனால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தரையில் உட்கார்ந்து துடுப்புப் போடுவது புதிய பைத்தியமுமல்ல. கி.மு. 260-ல் கார்த்தேஜோடு மோத ரோமானியர்கள் அவசர அவசரமாகக் கப்பல் கட்டியபோது, கடலைப் பழகாத ஆட்களைக் கரையில் பெஞ்சு போட்டு உட்கார வைத்துத் துடுப்பு வீசப் பழக்கினார்கள். 1912-ல் மூழ்கிய டைட்டானிக்கின் உடற்பயிற்சிக் கூடத்திலும் ஒரு ரோயிங் மெஷின் இருந்தது. ஆனால் இன்று ஜிம்களில் நாம் பார்க்கும் வடிவத்துக்குக் காரணம் டிக், பீட்டர் டிரைசிகாக்கர் என்ற அமெரிக்க அண்ணன் தம்பி. இருவரும் படகுக்காரர்கள், 1972 ஒலிம்பிக்கில் டிக் துடுப்புப் போட்டிருக்கிறார். பந்தயத் துடுப்புகள் செய்வதற்காக அவர்கள் தொடங்கிய நிறுவனம்தான் வெர்மான்ட் மாநிலத்தின் கான்செப்ட்2. பனிக்காலத்தில் ஆறு உறைந்துபோகும் ஊர். படகை இறக்க முடியாத மாதங்களில் வீரர்கள் என்ன செய்வது? 1981-ல் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் மாடலில் சுழன்றது சைக்கிள் சக்கரம். காற்றைத் தள்ள அதில் பிளாஸ்டிக் தகடுகள்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்திருந்தது. ஆண்டுக்கணக்கில் தயாராகி, போட்டிக்கே போக முடியாத வீரர்கள் பாஸ்டன் பக்கம் சோர்ந்து கிடந்தார்கள். அவர்களில் சிலர் கூடி, இந்த மெஷினிலேயே பந்தயம் வைத்துக்கொண்டார்கள். "சார்லஸ் ஆற்றின் மாஜி நட்சத்திரங்கள்" என்ற பொருளில் தங்களையே கிண்டலடித்துப் பெயரும் வைத்தார்கள். ஜெயித்தவருக்குப் பரிசு ஒரு சுத்தியல். உலகம் முழுவதும் நடக்கும் உள்ளரங்கத் துடுப்புப் போட்டிகள் இந்த விளையாட்டிலிருந்து வளர்ந்தவை.

சென்னையில் அடையாற்றங்கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867-லிருந்து இருக்கிறது. ஆனாலும் துடுப்பு நம் ஊரில் எளியவர்களுக்கு எட்டிய விளையாட்டு என்று சொல்ல முடியாது. விதிவிலக்குகள் ராணுவத்திலிருந்து வருகின்றன. கிணறு வெட்டும் தொழிலாளியின் மகனான தத்து போகனால், நாசிக் மாவட்டத்தின் வறண்ட கிராமம் ஒன்றிலிருந்து ராணுவத்தில் சேர்ந்த பிறகே துடுப்பைத் தொட்டார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தனிநபர் பிரிவில் 13-ம் இடம். 2018 ஆசியப் போட்டியில் நால்வர் அணியோடு தங்கம்.

நமக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் அயர்லாந்தின் ரிச்சர்ட் மார்கன். ரொட்டிக் கடையிலும் பேட்டரி தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர். 73 வயது வரை ஒழுங்கான உடற்பயிற்சி என்று எதுவும் செய்ததில்லை. துடுப்புக்காரரான பேரன் பழக்கிவிட, மெஷினில் உட்கார்ந்தார். பிறகு தன் வயதுப் பிரிவில் நான்கு முறை உலக சாம்பியன்! 92 வயதில் அவரை ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்தபோது இதயமும் நுரையீரலும் பல பத்தாண்டு இளையவருடையவைபோல் இருந்தன. அவருடைய வழக்கம் என்ன தெரியுமா? வாரத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர், நாளுக்குச் சராசரி 40 நிமிடம். அதில் 70 சதவீதம் சிரமமில்லாத வேகம், 20 சதவீதம் கடினம், வெறும் 10 சதவீதம்தான் முழு மூச்சு. கூடவே வாரத்தில் இரண்டு மூன்று நாள் டம்பெல். சாம்பியனே பெரும்பகுதி நேரம் மெதுவாகத்தான் இழுத்தார். நம் ஜிம்களில் நடப்பது இதற்கு நேர் எதிர்.

ஆகவே முதல் இரண்டு வாரம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிற வேகம் போதும். பிறகு வாரம் மூன்று நாள், இருபது நிமிடம் என்று ஏற்றுங்கள். வேகம் தானாக வரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதிக்கக் கூடாது. மிதிக்கும்போது மூச்சை விட வேண்டும், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது முக்கியம். முதுகு கூன் விழுந்த நிலையில் இழுத்தால் இடுப்பு பதில் சொல்லும். டிஸ்க் பிரச்னை, இதய நோய் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் உட்காரவே வேண்டாம். குதிப்பதும் இடிபடுவதும் இல்லாததால் முழங்கால் வலிக்காரர்கள் பலருக்கு இது ஒத்துக்கொள்ளும். ஆனால் முழுதாக மடக்கும்போது வலித்தால், பாதி தூரம் மட்டும் முன்னே வந்து திரும்பலாம். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: உட்கார்ந்தே செய்வதால் எலும்புக்கு நடையும் படியேற்றமும் தரும் பலன் இதில் கிடைக்காது. மெஷின் வந்துவிட்டது என்று நடையை நிறுத்தாதீர்கள்.

வீட்டுக்கு வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு. பிஸ்டன் வைத்த மலிவு மெஷின்கள் எனக்குப் பிடிப்பதில்லை. பலவற்றில் கால் முழுதாக நீள இடமிருக்காது. காற்று மெஷின் உறுதியானது, ஆனால் இரையும். கீழ்வீட்டுக்காரர் தூங்கும் அபார்ட்மென்ட்டுக்குக் காந்த மெஷின் தேவலை. தண்ணீர்த் தொட்டி வைத்தது பார்க்க அழகு, விலையும் அழகுக்கேற்ற விலை. நல்ல காற்று மெஷினே ஒரு லட்ச ரூபாயைத் தாண்டிவிடும். அதனால் இரண்டு மாதம் ஜிம்மில் 4-ல் வைத்து இழுத்துப் பாருங்கள். அதன் பிறகும் ஆசை குறையாவிட்டால் வாங்குங்கள். குறைந்துவிட்டால் நல்ல ஷூ ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு நடக்கப் போங்கள்.